சாப்பாட்டு நேரத்துக் கோடு

சவரி,

"அவரு டூட்டி முடிஞ்சு வந்து சாப்பிட உக்கார்ற நேரத்துல உங்க வீட்டுல என்ன சார் நடக்கும்?" என்று ஒரு பெண் போன வாரம் என்னைக் கேட்டாள். பெயர் நித்யா. உங்கள் ஆம்புலன்ஸ்காரர்களின் மார்பில் நெஞ்சுத் துடிப்பை அளக்கிற பட்டையைக் கட்டிவிட்டு ஆராய்ச்சி செய்கிறார்களே, அந்தக் குழுவைச் சேர்ந்தவள். பட்டை கட்டிக்கொண்டவர்களின் வீடுகளுக்குப் போய், தூங்க நல்ல இடம் இருக்கிறதா, தெருவில் இரைச்சல் உண்டா, கைக்குழந்தை உண்டா என்று விசாரிப்பது அவள் வேலை. சம்மதக் கையெழுத்துப் போட்டு இந்த உழவர்கரை வீட்டு முகவரியைக் கொடுத்தவன் நீதான். நீ முதலியார்பேட்டையில் அறை எடுத்துப் போய்விட்டாய் என்று சொன்னேன். தெரியும் என்றாள். நீ இங்கே இருந்த மாதங்களைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறாளாம்.

நான் சாவகாசமாகப் பதில் சொன்னேன். "என்னம்மா நடக்கும்? சாப்பிடுவான். நானும் கூட உக்காருவேன். அன்னிக்கு நடந்ததப் பேசுவோம்" என்றேன். "தினமுமா சார்?" என்றாள். "தினமும்தான். ஒரு நாளும் விட்டதில்ல" என்றேன். சவரி, பெருமையாகவே சொன்னேன். இந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் அப்பனும் மகனும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள் என்று ஒரு வரி கூடச் சேர்த்துக்கொண்டேன். அவள் அதை எழுதிக்கொண்டாள், காபியைக் குடித்தாள், போய்விட்டாள். எதற்குக் கேட்டாள் என்று வாசல்வரை போய்க் கேட்டுப் பார்த்தேன். "அத அவருதான் சார் சொல்லணும், நான் சொல்லக் கூடாது" என்று சிரித்தாள். கேட் சாத்தியபிறகு உன் அம்மா சமையலறையிலிருந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். முட்டி வலி வந்ததிலிருந்து அவள் உட்காருவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. உட்கார்ந்து முடித்து, "ஒரு நாளும் விட்டதில்லன்னு அந்தப் பொண்ணுகிட்ட வேற சொல்றீங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்னவற்றைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசினால் நான் மறுபடியும் கேள்வி கேட்பேன். காகிதம் உடனே பதில் சொல்லாது. அதனால் என்னைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள முடிகிறது.

அந்தப் பட்டை முதன்முதலில் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சட்டைக்கு உள்ளே மார்பைச் சுற்றி ஒரு ரப்பர் நாடா, நடுவில் நாணயம் போல ஒரு பொத்தான், மணிக்கட்டில் இன்னொன்று. வண்டியில் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்றாய். எழுந்தால் தெரியும், உட்கார்ந்தால் தெரியும், பெருமூச்சு விட்டாலும் தெரியும். உன் வண்டியை ஓட்டுகிற முருகையன், பைலட் என்று நீங்கள் கூப்பிடுகிறவர், காலையில் சாவியைப் போடும்போதே "சவரி, மாமியாரக் கட்டிட்டியா? அப்ப வாயப் பொத்திக்கிட்டு ஏறு" என்பாராம். நாடா பட்ட இடத்தில் சிவந்து தடித்து, உன் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு அந்த ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாரையும் ஒரு பாடு திட்டினாள். எனக்கு மட்டும் அது பிடித்துப்போயிற்று. நீ விளக்கிய விதம் அப்படி. வேலை நேரத்தில் துடிப்பு ஏறுவது குற்றமில்லை, ஏறத்தான் வேண்டும். வேலை முடிந்ததும் இறங்குகிறதா, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள் என்றாய். அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றுப்பானை மாதிரி என்று நான் சொன்னேன். கொதித்ததற்காகப் பானையை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இறக்கி வைத்தும் கொதித்துக்கொண்டே இருந்தால்தான் ஏதோ கோளாறு. "கரெக்ட்டுப்பா" என்று நீ சிரித்தாய்.

பிறகு சிரிப்பு போய்விட்டது. வேலை முடிந்தும் துடிப்பு அடங்காதவர்களை வண்டியிலிருந்து எடுத்து, போன் எடுக்கிற அறையில் உட்காரவைக்கப் போகிறோம் என்று உங்கள் மேலாளர் சொன்னார். சோதனைக் காலம் முடியும்போது யார் யார் என்று முடிவாகும். ஆராய்ச்சிக்காரர்கள் அதற்காக இதைக் கொண்டுவரவில்லை, ஓய்வு முறையைச் சரிசெய்யத்தான் கொண்டுவந்தார்கள் என்று நீயே சொன்னாய். ஆனால் ஒரு எண் கைக்கு வந்துவிட்டால் அதை வைத்து வரிசை போடாமல் இருக்க எந்த அலுவலகத்தாலும் முடியாது. நான் பள்ளிக்கூடத்தில் அதைத்தானே வாழ்நாள் முழுக்கப் பார்த்தேன். உன் எண் மோசமாக இருந்தது. "வண்டியிலருந்து எறக்கிட்டாங்கன்னா நான் என்னப்பா பண்ணுவேன்?" என்று நீ கேட்டது மட்டும் கேள்வி போலவே இல்லை. உனக்குத் தெரிந்த ஒரே இடம் அந்த வண்டியின் பின்பக்கம். குறுகலான மாடிப்படியில் ஒரு கனத்த மனிதரை நாற்காலியோடு இறக்குவது எப்படி என்பதை நீ என்னிடம் விளக்கும்போது உன் கைகள் காற்றில் அவரைத் தூக்கிக்கொண்டிருக்கும். அந்தக் கைகளுக்குப் போனைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நீ முதலியார்பேட்டைக்குப் போனாய். ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், அங்கிருந்து வண்டி நிற்கிற இடம் பக்கம் என்றாய். நம்பினேன். நம்பாமல் என்ன? சூட்கேஸைப் பைக்கில் கட்டக் கயிறு கொடுத்ததே நான்தான்.

உன் அம்மா இப்போது சொன்னது வேறு. ஒருநாள் நீ சமையலறையில் நின்றுகொண்டே போனில் அவளுக்கு ஒரு படத்தைக் காட்டினாயாம். ஒரு நாள் முழுக்க உன் நெஞ்சு எப்படித் துடித்தது என்கிற கோடு. "இங்க பாரும்மா, இது கடலூர் ரோட்டுல பஸ் கவுந்தது. இங்க எறங்குது பாரு, டீ குடிச்சோம். இது வில்லியனூர் ரோட்டுல பிரசவ கேஸ். இங்க எறங்குது. இது வூட்டுக்கு வர்றது, நல்லா எறங்குது." அப்புறம் விரலை நகர்த்தி, "இது நம்ம வூட்டு சாப்பாடு" என்றாயாம். கோடு பஸ் கவிழ்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஏறி, படுக்கப் போகிறவரை அங்கேயே நின்றதாம். அவள் முதலில் காரம் அதிகமோ என்று கேட்டிருக்கிறாள். நீ சிரித்திருக்கிறாய். "காரம் இல்லம்மா. அப்பா" என்றிருக்கிறாய்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஒரு ரப்பர் துண்டுக்கு என்ன தெரியும் என்று உன் அம்மாவிடம் கத்தினேன். மாடி ஏறி வந்தால் கூடத்தான் நெஞ்சு அடிக்கும், பசித்தவன் அவசரமாகச் சாப்பிட்டால் கூடத்தான் அடிக்கும் என்றேன். நம் வீட்டுக்கு மாடி இல்லை என்றாள் அவள். சொல்லிவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். யோசிக்க யோசிக்க, என் குரலே எனக்குக் கேட்க ஆரம்பித்தது.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் உன் கையிலேயே ஒரு பெரியவர் போய்விட்டார். நீ வாரக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துபோவாய். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பேசாத பிள்ளையிடம் சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்பது. பெரியதாகக் கேட்டால் மிரளும், "பென்சில் எங்க இருக்கு?" என்று ஆரம்பித்தால் கடைசியில் அது தன் கதை முழுவதையும் சொல்லிவிடும். அப்படித்தான் உன்னிடமும் கேட்டேன். எந்தத் தெரு, கதவு திறந்திருந்ததா, யார் கூட இருந்தார்கள். நீ சொன்னாய், சொல்லிக்கொண்டே அழுதாய், அதற்குப் பிறகு நன்றாகத் தூங்கினாய். அன்றைக்கு அது மருந்தாக இருந்தது. நான் அதை நிறுத்தாமல் தினமும் புகட்டினேன்.

அந்தக் கடல் கேஸ் அன்றைக்கு நாம் பேசியதை அப்படியே நினைவிலிருந்து எழுதுகிறேன், பார்.

"இன்னிக்கு எங்கடா?"

"காலாப்பட்டுப் பக்கம்பா. குளிக்கப் போன பையன்."

"நீங்க போறப்ப மூச்சு இருந்துச்சா?"

"இல்லப்பா."

"மொதல்ல என்ன பண்ணே?"

"நெஞ்ச அமுக்க ஆரம்பிச்சேன். முருகையன் அண்ணன் வண்டிய எடுத்தாரு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் விடல."

"அவங்க அம்மா வந்தாங்களா?"

"வந்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

நீ ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். உன் அம்மா குறுக்கே வந்து, "முசே, பரீட்சைய அப்புறம் வெச்சுக்கங்க. புள்ள சாப்பிடட்டும்" என்றாள். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளிகளில் வாத்தியாரைக் கூப்பிடுகிற சொல்லால் அவள் என்னைக் கூப்பிட்டாலே நான் அளவு மீறிவிட்டேன் என்று அர்த்தம். அன்றைக்கு அது என் காதில் ஏறவில்லை. கடைசிக் கேள்வியைக் கேட்டேன். எல்லா நாளும் கேட்கிற கேள்விதான் அது. "எந்த எடத்துலடா விட்டுப்போச்சு?" நீ கொஞ்சம் யோசித்து, "இன்னும் கொஞ்சம் முன்னாடி போன் வந்திருந்தா..." என்றாய். "ம். அப்ப நேரம்தான்" என்றேன் நான், ஒரு நோட்டில் சிவப்பு மையால் வட்டமிடுகிறவனைப் போல. நீ கை கழுவப் போனாய்.

கணக்கு தப்பினால் எந்த வரியில் தப்பியது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கவைக்க வேண்டும் என்பது என் பாடம். நல்ல பாடம்தான். ஆனால் அது கணக்குக்கான பாடம். கடலில் போன ஒரு பையனை உன் தட்டுக்கு முன்னால் கொண்டுவந்து போட்டு, அவனை இன்னொரு தடவை காப்பாற்றிக் காட்டு என்று தினமும் உன்னைக் கேட்டிருக்கிறேன். இதில் இன்னொரு வேடிக்கை. பள்ளியில் விளையாட்டு வகுப்பு முடிந்து வேர்த்து விறுவிறுத்து வருகிற பிள்ளைகளுக்கு நான் டிக்டேஷன் வைக்கவே மாட்டேன். கை நடுங்கும், எழுத்து கோணும், அதற்காக மார்க் குறைப்பது அநியாயம் என்று தலைமை ஆசிரியரிடமே வாதாடியிருக்கிறேன். மற்றவர்களின் பிள்ளைகள் விஷயத்தில் அந்த நியாயம் எனக்குத் தெரிந்திருந்தது.

ஏன் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான் ஏதோ தியாகம் செய்ததுபோல் ஆகிவிடும். ஓய்வுபெற்ற பிறகு என் பகல்கள் மிகவும் நீளம். மெயின் ரோட்டில் ஒரு சைரன் போனால் நான் படித்துக்கொண்டிருக்கிற செய்தித்தாளின் அதே வரியில் நின்றுவிடுவேன். உன் வண்டியா, நீ உள்ளே இருக்கிறாயா, ஓட்டம் வேகமா, எதிரே லாரி வருமா. சாயங்காலம் நீ வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறவரை இதேதான். நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் பயம் ஒவ்வொன்றாக இறங்கும். சாப்பாடு முடியும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும், நல்ல தூக்கம் வரும். அந்தப் பட்டையை என் மார்பிலும் கட்டியிருந்தால், உன் கோடு ஏறுகிற இடத்திலெல்லாம் என் கோடு இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். காலையில் கடற்கரைக்கு நடக்கப்போனால் பழைய வாத்தியார்கள் நான்கு பேரிடம் உன் கதையைச் சொல்வேன். பெயர் சொல்லமாட்டேன், ஊர் சொல்லமாட்டேன். ஆனாலும் சொல்வேன். அவர்கள் "உங்க பையனா? பெரிய விஷயம் சார்" என்பார்கள். அதுவும் எனக்கு வேண்டியிருந்தது.

நீ இதை என் முகத்துக்கு நேராக ஒருநாளும் சொல்லவில்லை. "அப்பா, போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூன்றாம் நாள் ஆரம்பித்திருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் அறை எடுத்தாய். அங்கே போனதும் உன் எண் சரியாகிவிட்டது என்றும், முருகையன் "அப்பா ஊட்ட விட்டு வந்ததும் மாமியாருக்கு மருமவனப் புடிச்சுப்போச்சு" என்று கேலி செய்தார் என்றும் உன் அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நீ இங்கே சாப்பிட வரும்போது தெருமுனையிலேயே பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்கிறாயாம். நான் ஏற்றிவிடுகிற கோடு அதில் விழக்கூடாது என்று. அதை எந்த மாதிரி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, சவரி. ஒரு நேரம் என்னைக் காப்பாற்றுகிறாய் என்று தோன்றுகிறது. இன்னொரு நேரம் வெட்கமாக இருக்கிறது. இரண்டையும் நினைத்துப் பார்க்கிற அளவுக்குத் தெம்பு இல்லாமல் படுத்துவிடுகிறேன்.

இப்போதைக்கு நீ அந்த அறையிலேயே இரு. முடிவு வருகிறவரை இங்கே தங்கத் திரும்பி வராதே; நானே கூப்பிட்டாலும் வராதே. உன் அம்மாவுக்கு இது கஷ்டம்தான், ஆனால் இதை அவள்தான் முதலில் சொன்னாள். இன்னொன்று. அறையில் தனியாக இருந்தும் ஒருநாள் அந்தக் கோடு இறங்காமல் நின்றால், அதை ஏமாற்றப் பார்க்காதே. பட்டையைத் தளர்த்திக் கட்டுகிறவர்கள், மூச்சை அடக்கிக் காட்டுகிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நீ அப்படிச் செய்யாதே. நான் உன்னைத் தினமும் எதிரே உட்கார்ந்து பார்த்தவன், வாத்தியார், அப்பன். எனக்குத் தெரியாத ஒன்று அந்தப் பட்டைக்குத் தெரிந்திருக்கிறது. உன் மீது அதற்குப் பாசமும் இல்லை, பெருமையும் இல்லை, அதனால் அது சொல்வதைக் கேள். அது போன் எடுக்கிற அறைக்குப் போ என்று சொன்னால், மேலாளர் அனுப்புவதற்குமுன் நீயே கேட்டுப் போ. கொஞ்ச காலம் அங்கே இருந்துவிட்டு மறுபடி வண்டிக்கு வா. போனில் யாராவது பதறும்போது அவர்களிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறன்று பட்டையைக் கட்டிக்கொண்டு வருவதும் கழற்றிவிட்டு வருவதும் உன் இஷ்டம். அந்தப் படத்தை என்னிடம் காட்டவேண்டாம்.

இனிமேல் கேட்கமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கத்தான் இதை ஆரம்பித்தேன். எழுதி முடிக்கிற இடத்துக்கு வந்ததும் அந்த வாக்கில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. வயதாகிவிட்டது, பழக்கம் விடாது. நீ உட்கார்ந்ததும் என் வாய் தானாகத் திறக்கும். உன்னிடமும் ஒரு பழக்கம் இருக்கிறது: யார் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லிவிடுவாய். அப்படி வளர்த்தது நான்தான். என் பழக்கத்தைவிட உன் பழக்கத்தை மாற்றுவது சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் வருகிற ஞாயிறு இதை மட்டும் செய்து பார். வேலையைப் பற்றி நான் ஏதாவது கேட்டால், பதில் சொல்லாதே. அம்மாவைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்.

அப்பா